கரியாலூர் வீட்டுச் சுவர்

கரியாலூர்
19.1.2025

அன்புள்ள தனுஷாவுக்கு,

உன் நாத்தனார் கலையரசி எழுதுகிறேன். உன் பிள்ளை சுகம். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நீ ஒழுங்காகப் படிப்பாய்.

போனில் பேசியது போதும், தாயே. இங்கே டவர் கிடைப்பதே பஸ் நிற்கும் வளைவில்தான். அங்கே தூக்கிக்கொண்டு போய் உன் குரலைக் கேட்கவைத்தால், பகலவன் போனைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கம் உன்னைத் தேடுகிறான். நீ இல்லை என்று தெரிந்ததும் பிடித்த அழுகை ராத்திரிச் சோறு வரைக்கும் நிற்கவில்லை. அந்தப் பக்கம் நீயும் அழுதிருப்பாய். வயிற்றுப் பிள்ளைக்காகப் படுத்த படுக்கையாக இருக்கச் சொன்ன டாக்டர் அழச் சொல்லியா அனுப்பினார்? இனி கடிதம்தான். இவர் காலையில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி இறங்கும்போது கொண்டுபோய், உளுந்தூர்பேட்டை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். எலவனாசூர்கோட்டையில் உன் தம்பி அறிவுச்செல்வனின் உரக்கடைக்கு வந்து சேரும். நீயும் அப்படியே அனுப்பு.

மலை ஏறும்போது என் மடியிலேயே வாந்தி எடுத்தான். “இன்னாடா, மாமா பஸ்ஸு புடிக்கலயா உனுக்கு?” என்று இவர் முன்னாலிருந்து கேட்டதும் வாயைத் துடைக்காமலே சிரித்தான். வந்த மறுநாளே ஆட்டுக்குட்டிக்குப் பயந்து, அதற்கடுத்த நாள் அதன் காதைப் பிடித்து இழுத்துவிட்டான்.

வீடு எங்களுக்கே புதுசுதான். கள்ளக்குறிச்சியில் கட்டுகிற வீடு பூச்சு வேலையோடு நிற்கிறது. இவர் பஸ்ஸுக்கு ராத்திரித் தங்கல் இங்கே என்பதால், அதுவரைக்கும் காசியம்மாள் என்கிற மலைக்கார அம்மாளின் ஓட்டு வீட்டில் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவனுக்கும் இது கொஞ்ச நாள் வீடு, எனக்கும் கொஞ்ச நாள் வீடு.

உன் வளைகாப்புப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். முழங்கை வரைக்கும் வளையல், கன்னத்தில் சந்தனம், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். அப்போது வயிற்றில் இருந்தது இவன்தான். காலையும் மாலையும் தூக்கிக் காட்டி, “அம்மா பாரு” என்கிறேன். கண்ணாடியைத் தட்டிப் பார்க்கிறான்.

நீ உடம்பை மட்டும் பார்த்துக்கொள்.

கலையரசி


எலவனாசூர்கோட்டை
27.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. தம்பி கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து கொடுத்தான். எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அவனை உங்களோடு அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு வழியும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. அவர் குவைத்தில். இங்கே இருந்தால் இவன் என் வயிற்றின் மேல்தான் ஏறி விளையாடுவான். எல்லாம் தெரிகிறது. ஆனாலும் மாலையில் மார்பு கட்டிக்கொள்கிறபோது, வேப்பிலை அரைத்துத் தடவி அவனைப் பால் மறக்கவைத்தது ஞாபகம் வருகிறது. கசப்பில் முகத்தைச் சுளித்துவிட்டு என்னைப் பார்த்தானே ஒரு பார்வை. அப்படிப் பார்த்தவனை அதே வாரத்தில் பஸ் ஏற்றிவிட்டேன்.

சில விஷயங்கள் மட்டும். அவன் இன்னும் நடக்கவில்லை. பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான். முதல் அடி எடுத்து வைப்பதை நான் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆசைதான், வேறென்ன.

முடி கண்ணில் விழுந்தால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். கத்தரிக்கோல் பட வேண்டாம். ஆவணியில் அவர் லீவில் வருகிறார். நம் ஏரிக்கரை அய்யனாருக்கு முதல் முடி கொடுத்து, அன்றைக்கே காதும் குத்திவிடலாம் என்று பேசியிருக்கிறோம். தாய்மாமன் இப்போதே கடுக்கன் வாங்கிவைத்துவிட்டு, தன் மடி தாங்குமா என்று கண்ணாடி முன் உட்கார்ந்து பார்க்கிறான்.

இன்னொன்று. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் உங்களை ‘அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தால் திருத்திவிடுங்கள். திரும்பி வரும்போது என்னை மறந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

தனுஷா


கரியாலூர்
16.2.2025

தனுஷாவுக்கு,

பதில் தாமதம். உன் கடைசி வரியைப் படித்த பிறகு பேனா எடுக்க மனம் வரவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகப் பிள்ளையில்லாதவள் கையில் பிள்ளையைக் கொடுத்தவளுக்குப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் அதை எழுதித்தான் அனுப்ப வேண்டுமா? அவனுக்கு நான் அத்தை. ‘த்தை’ என்று அவனே கூப்பிடுகிறான். உன் படத்தைப் பார்த்தால்தான் ‘ம்மா’. அவனுக்கு இருக்கிற தெளிவு உனக்கு இல்லை.

சரி, போகட்டும். நீ கேட்டால் வருத்தப்படும் சேதி ஒன்று. நடந்துவிட்டான்.

நான் என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குப் போக வளைவில் நின்றுகொண்டிருந்தோம். என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவர் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்து ஹாரன் அடித்தார். அவ்வளவுதான். புடவையை விட்டான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துப் போனான். உன் ஆசை ஞாபகம் வந்து, பைத்தியக்காரி மாதிரி ஓடிப்போய்ப் பிடித்து உட்காரவைத்தேன். எழுந்து மறுபடி நடந்தான். மறுபடி உட்காரவைத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காசியம்மாள்தான், “யம்மா, நடக்குற புள்ளைய ஏன் புடிச்சி புடிச்சி உக்கார வைக்குற? அது காலு, அது நடக்குது” என்று என் கையை எடுத்துவிட்டாள்.

மூன்றாம் தடவை நடந்ததை வீடியோ எடுத்திருக்கிறேன். டவர் கிடைத்தால் அனுப்புவேன்.

வெள்ளிமலையில் அவனுக்கு மஞ்சள் தொப்பி வாங்கினோம். திரும்பும்போது படிக்கட்டு ஓரத்துச் சீட்டுதான் வேண்டும் என்று அடம். மதியம் காசியம்மாள் கொடுத்த சாமைச் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் தட்டையே நக்கிவிடுகிறான். அருவிக்கு ஒருநாள் கொண்டுபோனோம். சத்தத்தைக் கேட்டதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டவன், வீட்டுக்கு வரும்வரை இறங்கவில்லை.

கலையரசி


எலவனாசூர்கோட்டை
5.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த வரிக்காக என்னை மன்னித்துவிடுங்கள். படுத்தே கிடந்தால் புத்தியும் படுத்துவிடுகிறது.

வீடியோ வந்தது. உங்கள் கை ஆடுகிற ஆட்டத்தில் பாதி நேரம் பஸ் டயர்தான் தெரிகிறது. ஆனாலும் தொப்பை தெரிகிறது, தூக்கிய கை தெரிகிறது. அம்மா வாசல் பக்கம் போனதும் மறுபடி போட்டுப் பார்ப்பேன். சந்தோஷமாகத்தான் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில், அவன் நடந்து போனது என்னை நோக்கி இல்லையே என்று தோன்றுகிறது. பஸ்ஸிடம்கூடப் பொறாமைப்படும் ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறதாம். நஞ்சுக்கொடி இன்னும் கீழேதான் இருக்கிறது. நான் மலை ஏற முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கொண்டுவாருங்கள் அண்ணி. கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறேன். தூக்க மாட்டேன், சத்தியமாக.

தனுஷா


கரியாலூர்
6.4.2025

தனுஷாவுக்கு,

மார்ச் மாதம் முழுக்கக் கொண்டுவரவில்லை என்று கோபமாக இருப்பாய். ஒரு ஞாயிறு அவனுக்குச் சளி. இன்னொரு ஞாயிறு இவருக்கு டியூட்டி மாற்றிவிட்டார்கள். மற்ற ஞாயிறுகளுக்குக் காரணம் சொன்னால் நீ நம்ப மாட்டாய். வந்தால் அவனை அங்கேயே வைத்துக்கொள்வாயோ என்று எனக்கும் ஒரு பயம். உனக்கு வந்த மாதிரி எனக்கும் வரக்கூடாதா?

இனி சொல்லப்போவதை நீ பொறுமையாகப் படிக்க வேண்டும்.

போன மாதக் கடைசியில் அவனுக்குத் தலையெல்லாம் கட்டி. இரவெல்லாம் தலையைத் தலையணையில் தேய்த்து அழுதான். ஆஸ்பத்திரி நர்ஸம்மா பார்த்துவிட்டு, முடியை எடுத்தால்தான் களிம்பு பிடிக்கும் என்றார்கள். கத்தி படுவது முதல் தடவை. அதைச் சலூனில் உட்காரவைத்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் முடி ஏதாவது ஒரு சாமிக்குத்தானே போக வேண்டும்? கச்சிராயபாளையம் தாண்டி இவர் வீட்டுக் குலதெய்வம் பச்சையம்மன் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை அங்கே கொண்டுபோய் எடுத்துவிட்டோம். இவர் மடியில்தான் உட்காரவைத்தோம்.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசியதும் தன் தலையைத் தானே தடவிப் பார்த்து ஆச்சரியப்பட்டான். கட்டியெல்லாம் வடிந்துவிட்டது. நிம்மதியாகத் தூங்குகிறான்.

மறைக்க விரும்பவில்லை. கல்யாணமான புதிதில் பச்சையம்மனுக்கு வேண்டியிருந்தேன், என் வீட்டுப் பிள்ளையின் முதல் முடி உனக்கு என்று. பூசாரி அர்ச்சனைக்குப் பிள்ளை பேரைக் கேட்டபோது, “யார் வூட்டு புள்ள?” என்றும் கேட்டார். நான், “எங்க வூட்டு புள்ளதான்” என்றேன். வாயில் வந்துவிட்டது, தனுஷா. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆவணியில் அய்யனாருக்கு இன்னொரு மொட்டை போட்டுக்கொள்ளலாம். முடி வளர்ந்துவிடும்.

கலையரசி


எலவனாசூர்கோட்டை
10.4.2025

அண்ணிக்கு,

முடி வளர்ந்துவிடும். முதல் முடி வளருமா?

களிம்பு தடவத்தான் என்றால் ஒட்ட வெட்டியிருக்கலாம். அல்லது ஒரு வார்த்தை, வளைவில் நின்று ஒரே ஒரு போன். தம்பி அன்றைக்கே பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருப்பான். பிள்ளை அப்பன் வீட்டுச் சாமிக்கும் இல்லாமல், தாய்மாமன் மடியிலும் இல்லாமல், யாருக்கோ பிறந்தவன் மாதிரி மொட்டை போட்டுக்கொண்டு நிற்கிறான். தம்பி கடுக்கன் டப்பாவை என் தலைமாட்டிலிருந்து எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினான்.

கட்டிக்காக எடுத்தீர்கள் என்றால் மறந்திருப்பேன். உங்கள் வேண்டுதலுக்காக எடுத்தீர்கள். நான் இன்னொன்றைக் காப்பாற்றப் படுத்துக்கிடக்கிறேன். அதற்குள் இருக்கிற ஒன்றையும் உங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகலவனை உங்கள் வீட்டுக்காரர் சுப்புராயன் அண்ணனிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எங்கள் அம்மா எப்படியோ பார்த்துக்கொள்வார். நீங்கள் வர வேண்டாம்.

தனுஷா


கரியாலூர்
13.4.2025

தனுஷாவுக்கு,

இந்தக் கடிதம் அவனோடுதான் வருகிறது. பையில் எல்லாம் வைத்திருக்கிறேன். தொப்பி இல்லாமல் வெயிலில் விடாதே. சோறு ஊட்டும்போது பஸ் சத்தம் மாதிரி வாயால் உறுமினால் வாயைத் திறப்பான். தூங்கும்போது அவன் காது மடலை யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கோபத்தில் அதை மறந்துவிடாதே, தூங்காமல் தவிப்பான்.

உன் படத்தை மட்டும் அனுப்பவில்லை. அங்கேதான் நீயே இருக்கிறாயே. இங்கே அவன் போய், அந்த ஆணியும் காலியாகத் தெரிந்தால் என்னால் தாங்க முடியாது. நீ தப்பு என்று சொன்னது தப்புதான். என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வரவேண்டாம் என்று எழுதிவிட்டாய்.

கலையரசி


எலவனாசூர்கோட்டை
2.5.2025

அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இதை மட்டும் சொல்லியே தீர வேண்டும்.

அவன் என்னிடம் வருவதில்லை. பக்கத்தில் படுக்கவைத்தால் நழுவி இறங்கிவிடுகிறான். காலையும் மாலையும் அம்மா, அம்மா என்று அழுகிறான். என்னைப் பார்த்து இல்லை. நான் இங்கே என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் போய் நிற்கிறான். உங்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. ‘த்தை’ என்று கூப்பிடுகிறான் என்று கதை எழுதினீர்கள்.

பதில் வேண்டாம்.

தனுஷா


கரியாலூர்
6.7.2025

தனுஷாவுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இரண்டு மாதம் அடக்கிக்கொண்டேன். பெண் பிறந்திருக்கிறது, இரண்டு பேரும் நலம் என்று என் தம்பி வெற்றிவேல்தான் குவைத்திலிருந்து எனக்குச் சொன்னான். மலைக்குக் கீழே ஒரு பிறப்பு, அது கடல் தாண்டிப் போய் என்னிடம் வருகிறது. பச்சையம்மன் கோயில் பக்கம் நான் போகவில்லை. இங்கிருந்தே கும்பிட்டுக்கொண்டேன்.

அவன் என்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. நீ நம்பாவிட்டால் காசியம்மாளைக் கேள். உன் இரண்டு பிள்ளைகள் மேலும் ஆணை. ஏன் அப்படி அழுதான் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் வந்து சரிசெய்ய மாட்டேனா?

கள்ளக்குறிச்சி வீடு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் இறங்குகிறோம். இந்த வீட்டில் அவன் புழங்கிய இடத்தையெல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டும். வாசற்படியில் ஒரு மூலை தேய்ந்திருக்கிறது என்று சொன்னால் பொய். மூன்று மாதத்தில் என்ன தேயும்? ஆனால் அங்கேதான் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பான். பஸ் வந்ததும் காசியம்மாள் இன்னும், “எங்கம்மா நம்ம தொர?” என்கிறாள்.

காதுகுத்துக்குக் கூப்பிட்டால் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

கலையரசி


எலவனாசூர்கோட்டை
7.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

காதுகுத்து முடிந்துவிட்டது. உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடலாம் என்று அவர் இரண்டு தடவை சொன்னார், நான்தான் சம்மதிக்கவில்லை. அய்யனார் கோயிலில் பூசாரி தலையைத் தடவிப் பார்த்து, “இது ரெண்டாவது முடியா?” என்று கேட்டார். தம்பி கீழே பார்த்துக்கொண்டு, “ஆமாங்க” என்றான். மாமன் மடி, கடுக்கன், சீர் எல்லாம் இருந்தது. குத்தும்போது பகலவன் வீறிட்டு அழுதான். “த்தை!” என்று அழுதான், அண்ணி. நான் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். உங்களை அவன் என்னவென்று கூப்பிடுகிறான் என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

அப்படியானால் ‘அம்மா’ யார்? எனக்குப் புரியவில்லை.

போன திங்கட்கிழமை சுப்புராயன் அண்ணன் கடைக்கு வந்தவர், பிள்ளையைப் பார்க்க வாசல் வரைக்கும் வந்தார். நான் வரச் சொல்லவில்லை, தம்பிதான் கூட்டிவந்தான். பகலவன் ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்தான். வெறும் சுவரைக் காட்டி, “ம்மா, ம்மா” என்றான். வந்த நாள் முதல் அவன் இப்படித்தான். காலையில் எழுந்ததும், பொழுது சாயும்போதும், ஏதாவது ஒரு சுவர் பக்கம் போய் நின்று அழுவான். உங்களைத்தான் கேட்கிறான் என்று நினைத்து ஒருநாள் அடித்துவிட்டேன். முதுகில். பச்சைக் குழந்தையை.

அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: “அது உன்னத்தாம்மா தேடிக்கினு இருக்குது. அங்க வூட்டு சுவத்துல உன் போட்டோ இருந்திச்சில்ல. காலைல எழுந்தா மொதல்ல அதுக்குத்தான் முத்தம். கலை ஒருநாளும் வுட்டது இல்ல. அம்மா எங்கன்னா சுவத்தக் காட்டும். அதுக்கு அம்மான்னா அதான்.”

நான் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். முடியை முடிந்துகொண்டு, வளையல் இல்லாமல், கன்னம் ஒட்டிப்போய், நைட்டியில் ஒருத்தி. படுக்கையில் கிடந்து அவனைப் பார்த்துக் கத்தியவள். அவன் தேடுவது சந்தனம் பூசிக்கொண்டு சிரித்தவளை. என்னை மறக்காமல் இருக்கத்தான் நீங்கள் பாடுபட்டிருக்கிறீர்கள். அவனும் மறக்கவில்லை. எனக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

முதல் முடி போனது எனக்கு இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் அதற்காக நான் அவனை உங்கள் மடியிலிருந்து பிடுங்கியதும், அவன் தடுமாறி அழுத மாதங்களும் திரும்ப வராது. முதல் நடையும் போனது, இதுவும் போனது.

பெட்டியில் அந்த வளைகாப்பு வளையல்களைத் தேடினேன். பாதி உடைந்துவிட்டன. மீதியைப் போட்டுக்கொண்டு நேற்று அவன் முன்னால் உட்கார்ந்து சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு சரியாக வரவில்லை போலிருக்கிறது. வளையலைத் தொட்டான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி சுவர் பக்கம் போய்விட்டான்.

படத்தை எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள், அண்ணி. பஸ்ஸில் கொடுத்து அனுப்பாதீர்கள். இவள்தான் அவள் என்று அவனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான்.

தனுஷா